சல்லடையில் தங்கிய மஞ்சள் கல்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் மேம்பாலச் சாலையில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழி கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆய்வகத்தின் பஸ் மேலே ஏறிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், அருள்தாஸ் சாரின் மனைவி ஸ்டெல்லாம்மாவின் ஃபோன் வந்தது. மூன்று வருடமாக அந்த எண்ணிலிருந்து எனக்கு அழைப்பே வந்ததில்லை.

"சாரதாம்மா, அவரு போயிட்டாரு. காலைல காப்பி கலந்து வெச்சுட்டுக் கூப்பிட்டேன், எந்திரிக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டு ஹார்ட்டுனு சொல்லிட்டாரு. நீங்க வருவீங்கல்ல?"

வருகிறேன் என்றேன். எழுந்து போய் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "இல்லி எல்லி நில்லிசோது மேடம்?" என்று அவர் கன்னடத்தில் கேட்டுவிட்டு ஒரு கையால் பாலத்தின் சுவரைக் காட்டினார். எங்கே நிறுத்துவார், பாவம். அவர்கள் வீடிருக்கும் பிரேசர் டவுன் எனக்குப் பின்னால் இருந்தது, பஸ் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாலம் முடிந்த இடத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கைகளைச் சேர்த்துக் கட்டி ஜெபமாலை சுற்றியிருந்தது. நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. பத்தொன்பது வருடம் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தோம், அந்த நகங்களில் கரி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஸ்டெல்லாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்திப் பேசிட்டே இருப்பாருமா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். அதற்கு ஸ்டெல்லாம்மா இரண்டு பக்கம் எழுதிக் கேட்டார். இரண்டு பக்கத்தில் அடங்காது, நல்ல விஷயமாகவும் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல, உள்ளத எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். நான் ஒரு காகிதத்தில் போட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கையெழுத்தைப் பற்றியதுதான் இதெல்லாம். அதைப் போடாமலே அவரைப் போகவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். திரு. அருள்தாஸ் நிலவியல் படித்தவர். பிறந்தது, வளர்ந்தது, இப்போது இறந்தது எல்லாம் பிரேசர் டவுனில், ஒரே தெருவில். இளவயதில் சில வருடம் கோதாவரிக் கரைச் சுரங்கங்களில் இருந்துவிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். நிலக்கரியே கிடைக்காத இந்த ஊரில் கரியைச் சோதிக்கும் இடம் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மூட்டை மூட்டையாக லாரியில் வரும். அதை உடைத்து, அரைத்து, சலித்து, ஒரு சிட்டிகை மாவாக்கி என்னிடம் கொடுப்பது அவருடைய பிரிவு. அதை அமிலத்தில் கரைத்து மெஷினில் விட்டு, என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது என் பிரிவு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னுடையது. என் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்பாவும் அப்படித்தான். கையெழுத்து என்றால் எங்கள் வீட்டில் ஒரு திமிர் உண்டு. அது எனக்கும் இருந்தது.

முதல் வருடமே சண்டை. மாதிரி அறையில் கரியை உலர்த்த ஒரு ஓவன் இருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று நான் சூட்டைக் கூட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். அவர் மாடிப்படி ஏறி நேராக என் அறைக்கு வந்தார். மேசைமேல் கரிக் கையை ஊன்றினார். வெள்ளைக் காகிதத்தில் ஐந்து விரலும் பதிந்தது.

"மேடம், கரியில பாதரசம் இருக்குங்க. கொஞ்சூண்டுதான். இவ்ளோ சூடு வெச்சா அது பறந்து போயிடும். அப்புறம் நீங்க மெஷின்ல தேடி, இல்லைனு எழுதுவீங்க. இல்லாம இல்ல, நாமதான் ஓட்டிட்டோம்."

"அதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே சார். என் மேசைய ஏன் பாழ் பண்றீங்க?"

"ஃபோன்ல சொன்னா நீங்க சரின்னுட்டு வெச்சிருவீங்க."

உண்மைதான். அன்றைக்கே சூட்டைக் குறைத்தேன். மறுநாள் ஓவன் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'இங்கே பிரியாணி சூடு பண்ணக் கூடாது.' விசாரித்தால், நான் கூட்டி வைத்த சூடு மதியச் சாப்பாட்டுக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கிறது. பாதரசத்தோடு சேர்த்துப் பிரியாணியும் போயிற்று என்று எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள்.

கரிக்குள் நாற்பது ஐம்பது வகைத் தனிமங்கள் சுவடு போலக் கிடக்கும். ஆர்சனிக், பாதரசம், செலினியம், ஈயம். எனக்கு அவை எண்கள். அவருக்கு ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆள். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் என் மெஷின் நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் ஒரு பளபளப்பான துண்டைக் காட்டினார். கறுப்புக்கு நடுவே தங்க நூல் போல ஒரு கோடு ஓடியது.

"இது பைரைட், மேடம். இரும்பும் கந்தகமும். கரி ஆன செடிகொடி எல்லாம் சதுப்புல அழுகிக் கெடந்தப்போ வேர் வழியா கொஞ்சம் ஆர்சனிக் வந்துச்சு. ஆறு சேத்த அடிச்சிட்டு வந்துச்சு பாருங்க, அதுல கொஞ்சம். அதெல்லாம் தொந்தரவு இல்ல, பரவலா இருக்கும். அப்புறம் கோடிக்கணக்கான வருசம் கழிச்சு பூமி வெடிச்சு, கீழேருந்து வெந்நீர் அந்த வெடிப்புல ஏறுச்சு. அது கொண்டாந்து விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கோடு. மொத்த ஆர்சனிக்கும் இதுக்குள்ளதான் உக்காந்திருக்கு."

"அப்போ கரி முழுக்க இல்லையா?"

"சாம்பார்ல கட்டிப் பெருங்காயம் போட்டுக் கரையாம கெடக்குதுனு வெச்சுக்கங்க. கட்டிய எடுத்துத் தூக்கிப் போட்டுட்டு சாம்பார ருசி பாத்தா என்ன சொல்வீங்க? பெருங்காயமே போடலம்பீங்க."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா நிறைய கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் கொண்டு வருவார். ஸ்டெல்லாம்மா சுட்டது. ரம்ஜான் மாதத்தில் அவர் தெருவில் கிடைக்கும் சமோசா எங்கள் மேசைக்கு வந்துவிடும். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். மாதிரி அறையில் முனிரத்தினம் என்று ஒருவர் இருக்கிறார், ஒக்கலிபுரத்துக்காரர், அரைக்கும் மெஷினை ஓட்டுபவர். அவரையும் 'முனிரத்தினம் சார்' என்றுதான் கூப்பிடுவார். கரியைக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் எடுப்பார்கள். கழித்த பங்கை ஒதுக்குவதற்கு முன்னால் அருள்தாஸ் சார் அதற்குள் ஒரு தடவை விரல் விட்டுத் துழாவிப் பார்ப்பார். தேவையே இல்லாத வேலை. அவர் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

இனி என் கதை.

மூன்றரை வருடத்துக்கு முன் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு வாரம் தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதிரி அறையையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாநிலத்தின் வடக்கே ஓர் அனல்மின் நிலையத்திலிருந்து கரி வந்தது. அந்த நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி ஒரு கிராமம். கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். தாங்கள் எரிக்கும் கரியில் விஷம் உண்டா இல்லையா என்று சோதித்துச் சொல்வதாக நிலையத்தார் ஒத்துக்கொண்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே ஒரு தடவைதான் சோதனை. அவசரம் என்று எழுதியிருந்தது.

அரைக்கும் மெஷின் மூன்று தடவை சிக்கி நின்றது. முனிரத்தினம் படியேறி வந்தார்.

"மேடம், பேஜாரா கீது. மஞ்சக் கல்லு கல்லா வருது, சல்லடைல எறங்கவே மாட்டேங்குது. ப்ளேடு போயிடும். மறுபடி மறுபடி போட்டா சாயந்தரத்துக்குள்ள ஆகாது."

சல்லடையில் தங்கியதை மறுபடி அரைத்து, கடைசித் துகள்வரை இறங்கிய பிறகுதான் மாதிரி என்று பெயர். இது எனக்குத் தெரியாததா? தெரியும். மூன்று ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்:

"கல்லுதானே? எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க முனிரத்தினம். நாம கரிக்குத்தான் ரிப்போர்ட் கொடுக்கறோம், கல்லுக்கு இல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாயில் மண்ணைப் போட! சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கே ஒரு மிதப்பு. பைரைட்டும் கட்டிப் பெருங்காயமும் நினைவுக்கு வரவில்லை. நிஜமாகவே வரவில்லையா, வந்ததை நான்தான் ஒதுக்கினேனா என்று இன்றைக்குவரை எனக்கே நிச்சயமில்லை. ஆர்சனிக் மிகவும் குறைவு என்று மெஷின் சொன்னது. கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து அவர் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். முதல் காரியமாகச் சல்லடைத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த கழிவுத் தொட்டிக்குப் போய் முழங்கைவரை கையை விட்டார். நான் அப்போது கீழேதான் நின்றிருந்தேன். கை நிறைய மஞ்சள் கற்களோடு திரும்பினார்.

"யார் சார் இதத் தூக்கிப் போடச் சொன்னது?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. பிறகு, "நானேதான் சார் போட்டுட்டேன். ப்ளேடு போயிடும்னு" என்றார்.

அரை நாள் கூலிக்குப் பயந்தவர் அவர், மூன்று தலைமுறையாக நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அவர் சொன்னார், நான் சும்மா நின்றேன்.

அருள்தாஸ் சார் அவரைத் திட்டவில்லை. "பரவால்ல முனிரத்தினம் சார், மீதி மாதிரி டின்ல இருக்கு, மறுபடி பண்ணிடலாம்" என்றார். அப்படித்தான் விதி. ஒவ்வொரு கரியிலும் ஒரு பங்கைப் பொடியாக்காமல் கற்களோடு அப்படியே சீல் வைத்துச் சில மாதம் வைத்திருப்போம். அதை எடுத்து ஒன்றரை நாள் அரைத்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, தூசிக்கு. இரண்டு ப்ளேடு போயிற்று. கடைசித் துகளும் இறங்கிய மாவை என்னிடம் கொடுத்தார். நானே மெஷினில் விட்டேன். எண் பல மடங்கு ஏறி வந்தது. தப்பு இருக்குமோ என்று மறுபடியும் விட்டேன். அதே எண்.

திருத்த அறிக்கைப் படிவத்தில் இரண்டு கையெழுத்துக்குத்தான் இடம். இடது பக்கம் மாதிரி தயாரித்தவர், வலது பக்கம் நான். காரணம் என்ற கட்டத்தில் அவர் கையால் எழுதியிருந்தார்: 'மாதிரி தயாரிப்பில் பிழை. பொறுப்பு என்னுடையது. அருள்தாஸ்.' ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த மனிதர் தன் பெயரைப் போட்டிருந்தார், முனிரத்தினத்தின் பெயர் வரக் கூடாது என்று. இடது பக்கம் அவர் கையெழுத்து. வலது பக்கம் காலி.

"சைன் பண்ணுங்க மேடம்."

"வைங்க சார். பாக்கறேன்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? மெஷின் ஓட்டினதே நீங்கதான்."

"டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவரு ஒத்துக்க மாட்டாரு. அடுத்த வாரம் ஆடிட் வருது. அதனாலதான் மேடம் அவருக்கு இந்த ஃபார்ம்ல எடமே வைக்கல. நம்ம ரெண்டு பேருக்குத்தான் எடம்."

நான் டைரக்டரிடம்தான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஒண்ணத் திருத்தினா அந்த ரெண்டு வாரத்துல போனது எல்லாத்தையும் தோண்டுவாங்க மேடம். லேப மூட வேண்டியதுதான். எத்தன குடும்பம் இருக்கு, யோசிங்க" என்றார். யோசித்தேன். தோண்டினால் முனிரத்தினத்தைக் கேட்பார்கள். முனிரத்தினத்தைக் கேட்டால் என் பெயர் வரும். அவ்வளவுதான் என் யோசனை. மற்ற சாக்குகளும் நிறைய வைத்திருந்தேன், அவற்றை இங்கே எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. பயந்தேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

திரும்பி வந்து அவரிடம், ஆடிட் முடியட்டும் என்றேன்.

"கரி எரிஞ்சு போயிடும் மேடம். இது போகாது. சாம்பல்ல ஏறி உக்காந்துக்கும். சாம்பல் குளத்துக்குப் போகும். குளத்துப் பக்கத்துல கெணறு இருக்கு. எத்தன ஆடிட் முடியணும்?"

"இங்க எத்தனை குடும்பம் இருக்கு சார்..."

"அங்கயும் குடும்பந்தாம்மா இருக்கு."

அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். அவர் போன பிறகு, கெடு முடிந்ததும், மீதி மாதிரி இருந்த டின்னை வழக்கம் போலக் கழித்தார்கள். கழிக்கலாம் என்ற சீட்டிலும் என் கையெழுத்துதான்.

அதன் பிறகு அவர் ஒரே ஒரு தடவை ஃபோன் செய்தார். "அந்த ஃபார்ம் என்கிட்டதான் இருக்கு மேடம். எப்போ வேணா வர்றேன்" என்றார். பார்க்கிறேன் சார் என்றேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் கிறிஸ்துமஸுக்கு முனிரத்தினம் கையில் கல்கல் டப்பா வந்தது. சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் அதையும் சாப்பிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வாசலில் முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க சொன்னீங்கனு நா சார்கிட்ட கடேசி வரைக்கும் சொல்லல மேடம்" என்றார். எனக்கு உதவி செய்துவிட்டதாகவே அவர் நினைக்கிறார். நன்றி என்று சொல்லவும் முடியவில்லை, அவர் காலில் விழவும் முடியவில்லை.

மறு வாரம் ஸ்டெல்லாம்மா ஒரு கோப்பும் ஓர் ஊறுகாய் பாட்டிலும் கொடுத்தார். பாட்டிலில் அந்த மஞ்சள் கற்கள், ஒட்டிய சீட்டில் மாதிரி எண். கோப்பில் திருத்தப் படிவம். இடது பக்கம் அவர், வலது பக்கம் காலி. கூடவே சாம்பல் குளத்தை ஒட்டிய அந்தக் கிராமத்துக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகள், ஒரு கிளிப்பில் கோத்து. ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியையின் பெயரும் ஃபோன் எண்ணும் ஒரு துண்டுக் காகிதத்தில்.

"எங்க போறீங்கனு கேட்டா, சும்னே ஒரு எடத்துக்குனு சொல்வாரு. வந்தா ரெண்டு நாள் பேச மாட்டாரு" என்றார் ஸ்டெல்லாம்மா.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். டைரக்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "செத்துப்போனவர் கையெழுத்து செல்லாது மேடம். மாதிரியும் இல்ல. இந்தக் கல்ல வெச்சு என்ன ப்ரூவ் பண்ணுவீங்க? எந்தக் கரிலேருந்து வந்ததுனு யார் சொல்றது?" என்றார். சொல்லக்கூடியவரைப் புதைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. சட்டப்படி டைரக்டர் சொன்னது சரி. உங்கள் சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

செல்லாத அந்தக் காகிதத்தை ஒரு கடிதத்தோடு தலைமையாசிரியைக்கு அனுப்பினேன். பழைய ரிப்போர்ட் தவறு, அதில் கையெழுத்துப் போட்டவள் நான், வேறு இடத்தில் தண்ணீரைச் சோதிக்கும்வரை அந்தக் கிணற்றில் குடிக்காதீர்கள் என்று கன்னடத்தில் எழுதியிருந்தேன். நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். சாந்தமான குரல். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"அந்தக் கண்ணாடிக்காரர் இறந்துட்டாரா? அடடா. மூணு தடவ வந்தாரு மேடம். முதல் தடவ எல்லாரோட உள்ளங்கையும் காட்டச் சொன்னாரு. கைரேகை பாக்கறவரானு பிள்ளைங்க கேட்டுச்சுங்க. புள்ளி இருக்கா, தடிப்பு இருக்கானு பாத்தாரு. வெயில்ல வந்தவராச்சேனு தண்ணி கொடுத்தோம். கும்பிட்டு வேண்டாம்னுட்டாரு. பையிலேருந்து தன் பாட்டில எடுத்துக் குடிச்சாரு. எங்க ஊர்ல அப்படிச் செஞ்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். எங்க கைத் தண்ணி ஆகாதானு பெரியவங்களுக்குக் கோபம். மூணாவது தடவ பஸ் ஸ்டாப்புலயே மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

முனிரத்தினம் குடித்து வைத்த டம்ளரில் தண்ணீர் குடிப்பவர் அருள்தாஸ் சார். யார் வீட்டிலும் எதையும் வேண்டாம் என்று தள்ளாதவர்.

"அவர் சொன்னத நான் கொஞ்சம் நம்பினேன் மேடம். பேப்பர் இருக்கானு கேட்டேன். ஒரு ஃபார்ம் காட்டினாரு. ஒரு பக்கம் கையெழுத்து இல்ல. ஏன்னு கேட்டேன். அவங்க நல்லவங்க, போடுவாங்கனு சொன்னாரு. நாங்க உங்க ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டினோம். சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு." அடுத்து அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறேன்: "நிம்ம சஹி நம்பித்வி மேடம்." உங்கள் கையெழுத்தைத்தான் நம்பினோம்.

இப்போது சில பிள்ளைகளின் உள்ளங்கையில், ஆர்சனிக் உடம்பில் ஏறினால் வருவது போன்ற புள்ளிகள் இருக்கின்றனவாம். அது தண்ணீராலா, வேறு எதனாலாவதா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தண்ணீர் ஓர் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நல்ல முடிவாக வரட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்தான். யாரிடம், எந்த முகத்தோடு?

நேற்று மறுபடி பேசினேன். என் காகிதத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டதாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே மூன்று வருடமாகப் பழைய ரிப்போர்ட் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. அதன் பக்கத்திலேயே இது. ஒன்று தண்ணீரைக் குடி என்கிறது, மற்றது குடிக்காதே என்கிறது. இரண்டின் கீழும் ஒரே கையெழுத்து. எதை நம்புவது டீச்சர் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். பாதிப் பேர் இன்னும் அந்தக் கிணற்றில்தான் குடிக்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நான் அங்கே போகிறேன். சட்டத்துக்குள் இருப்பதை என் கையாலேயே எடுத்துக் கிழிக்க வேண்டும். குடிக்க என்ன கொடுத்தாலும், ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து சொல்ல வேண்டும். அருள்தாஸ் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்பார்களா தெரியாது. நானாக இருந்தால் என்னை நம்பமாட்டேன்.

சார், ஊறுகாய் பாட்டில் என் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் கரிக் கையை ஊன்றிய மேசைதான். ஒருவர் சொல்லித்தான் முனிரத்தினம் கல்லைப் போட்டார் என்பது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் கல்கல் அனுப்பினீர்கள் என்றால் அதை என்னால் தாங்க முடியாது. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை முப்பதாம் நாள் மலரில் அச்சடித்துச் சொல்கிறேன். கல்லைத் தூக்கிப் போடச் சொன்னது நான். போய் வாருங்கள், சார்.